பற்றையா, காடா? திருகோணமலையில் காட்டின் வயதை மரஞ்செடிகளில் படிப்பது எப்படி

திருகோணமலை மாவட்டத்தில் காணிப் பிணக்கு எழும் இடங்களில் ஒரு கேள்வி தவறாமல் வரும்: இது காடா, வெறும் பற்றையா? இடம்பெயர்ந்து போய் இருபது, முப்பது வருடம் கழித்துத் திரும்பியவர்கள், தாங்கள் சேனை (காட்டை வெட்டி எரித்துச் செய்யும் பயிர்ச்செய்கை) செய்த நிலம் இது என்கிறார்கள். வரைபடத்தில் அதே இடம் பச்சையாகக் கிடக்கிறது. ஒதுக்கக் காடாகப் பிரகடனம் செய்யப்படாத ‘ஏனைய அரச காடுகளை’ வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டிருந்த 5/2001 சுற்றறிக்கை 2020இல் நீக்கப்பட்டு, அவற்றின் நிர்வாகம் பிரதேச செயலாளர்களிடம் போன பிறகு, கேள்விக்கு அவசரமும் கூடிவிட்டது. திட்டத்துக்கு இடம் கேட்பவர் “பற்றைதானே” என்பார். எதிர்ப்பவர் “இத்தனை வகை மரஞ்செடி இருக்கிறது” என்று ஒரு எண்ணைச் சொல்வார். இரண்டும் அரைகுறைப் பதில்கள்.

இனங்களின் மொத்த எண்ணிக்கை ஒரு காட்டின் வயதைப் பற்றி அதிகம் சொல்லாது. எந்த இனம், எந்தப் பருமனில், எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்பதில்தான் வயது தெரியும்.

எந்த வயதில் எது நிற்கும்

இந்த மாவட்டத்துக்கு ஆண்டில் கிடைக்கும் மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரியில் கொட்டிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று நிலத்தைக் காயவைக்கும். இங்கே நிலைக்கும் மரம் எதுவானாலும் அந்த ஐந்து மாதத்தைத் தாங்கியாக வேண்டும்.

கைவிட்ட சேனையில் முதல் இரண்டு மாரியில் முளைப்பவை பெரும்பாலும் ஓராண்டுப் பூண்டுகளும் புற்களும்: குப்பைமேனி, நெருஞ்சி, தொட்டாற்சிணுங்கி, இலுக்கு, கினிப்புல். இந்தக் கட்டத்தில் ஒரு சதுர மீற்றருக்குள் பத்துக்கு மேல் இனங்களை எண்ணலாம். எண்ணியவர் மகிழ்ந்துபோவார். ஆடி மாதம் அதே இடத்துக்குப் போனால் பாதிக்கு மேல் சருகாகியிருக்கும்.

மூன்றாம் வருடத்திலிருந்து பத்தாம் வருடம் வரை முட்பற்றை. விடத்தல், இலந்தை, சூரை, களா, காரை, ஆவரசு, நடுநடுவே நாயுண்ணி. இவ்வளவு முள் ஏன் என்பதற்கு மண்ணில் மட்டும் பதில் தேடக்கூடாது. மாட்டுப்பட்டிக்கும் அதில் பங்குண்டு. மாடு இளந்தளிரைக் கடித்து முள்ளை விட்டுவைக்கும். விடத்தல் காயைத் தின்று விதையைச் சாணியோடு பரப்பியும் விடும். பட்டி அருகே இருக்கும் பற்றையில் விடத்தல் ஓங்கி நிற்பதற்கு இதுவே காரணம்.

பத்திலிருந்து முப்பது வருடத்துக்குள் இளங்காடு. விண்ணாங்கு, ஆத்தி, கொன்றை, வேம்பு, விளா, மெல்லிய முதிரைக் கம்புகள், அவற்றின் மேல் ஏறும் கொடிகள். விண்ணாங்கு, முதிரை, சாவண்டலை மூன்றுக்கும் விதையிலோ காயிலோ சிறகு உண்டு. காற்றே கொண்டுவந்து போடும். அதனால்தான் வெட்டவெளியாகக் கிடந்த இடத்துக்கு இவை முந்தி வந்து சேர்கின்றன.

அதற்கும் மேலே போகும்போதுதான் காடு மெதுவாக மாறும். வீரை, கருங்காலி, தம்பனை, சடவக்கு, வெடுக்குநாறி போன்றவை நிழலில் முளைத்து நிழலிலேயே பல வருடம் காத்திருக்கக் கூடியவை. இவற்றில் பலவற்றின் பழத்தைக் குரங்கோ பறவையோ கரடியோ தின்று விதையைக் கொண்டுவர வேண்டும். அந்த விலங்கு வருவதற்கு முதலில் ஒதுங்க ஒரு கிளை இருக்க வேண்டும். பாலை இன்னும் மெதுவானது. முழுக்காட்டில் பெரிய பாலை நிற்கும் இடத்தில்கூடக் கீழே இளம் பாலைக் கன்று அரிதாகத்தான் கண்ணில் படும். கருத்த பட்டையில் ஒட்டி வளரும் ஓர்க்கிட், நிலத்தில் கத்தை கத்தையாக மருள், மணிக்கட்டுப் பருமனுக்கு மேற்பட்ட கொடிகள் ஆகியவையும் இந்தக் கட்டத்தில்தான் சேரும். இருபது வயது இளங்காட்டில் இவற்றைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

நடுவயதுக் காடு ஏன் அதிகம் ‘மார்க்’ வாங்குகிறது

இளங்காட்டில் இரண்டு கூட்டங்கள் ஒரே நேரத்தில் நிற்கின்றன. வெளிச்சம் தேடும் பற்றை இனங்கள் இன்னும் சாகவில்லை; நிழல் தாங்கும் இனங்களின் கன்றுகள் வரத் தொடங்கிவிட்டன. எனவே பூண்டு, செடி, கொடி, மரம் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணினால் இருபது வயதுக் காடு பழங்காட்டுக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ வந்து நிற்பது சாதாரணம். வெட்டு, தீ, புயல் போன்ற குழப்பம் ஓரளவு நேரும் இடத்தில்தான் வகை அதிகம் என்று சூழலியலாளர் ஜோசப் கொன்னெல் 1978இல் சொன்ன கருதுகோளும் இதை ஒட்டியதே. அதை எடுத்துக்கொண்டு ‘அப்படியானால் கொஞ்சம் வெட்டிவிட்டால் காட்டுக்கு நல்லது’ என்று வாதிடுவோரும் உண்டு. நடுவயதுக் காட்டில் கூடுதலாக இருப்பவை வீதியோரத்திலும் வரம்பிலும் குளக்கட்டிலும் எங்கும் கிடைக்கும் இனங்கள். பழங்காட்டில் மட்டும் இருப்பவற்றுக்கு வேறு இருப்பிடம் கிடையாது. எண்ணிக்கையில் நாயுண்ணியும் ஒன்று, கருங்காலியும் ஒன்று, கோளாறு அங்கேதான்.

இதைக் கணக்கில் கொண்டுவர எளிய வழி பொதுமை விகிதம். இரண்டு இடங்களுக்கும் பொதுவான இனங்களின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, இரு இடங்களின் எண்ணிக்கைகளின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். இளங்காட்டில் 30, பழங்காட்டில் 30, பொது 12 என்று வைத்துக்கொண்டால் 24ஐ 60ஆல் வகுக்க 0.4 வரும். இரண்டிலும் முப்பது முப்பதுதான். ஆனால் பழங்காட்டை அழித்தால் அந்த இடங்களிலிருந்து 18 இனங்கள் போய்விடும். அறிக்கையில் முதலில் எழுத வேண்டியது அந்தப் பதினெட்டின் பெயர்ப்பட்டியல்.

அடுத்த கண்கட்டு, எண்ணிக்கைக்குள் மறையும் ஆதிக்கம். நூறு மரம், பத்து இனம், ஒவ்வொன்றிலும் பத்து என்றால், இனங்களின் எண்ணிக்கையையும் அவை எவ்வளவு சமமாகப் பங்கிட்டு நிற்கின்றன என்பதையும் சேர்த்து அளக்கும் ஷனொன் குறியீடு 2.30; அதை e-இன் அடுக்காக எடுத்துத் திருப்பி விரித்தால் ‘பயனுள்ள இனங்கள்’, அதாவது சம அளவில் நிற்கும் எத்தனை இனங்களுக்கு ஈடு என்பது, 10. அதே நூறு மரத்தில் 91 வேம்பாகவும் மற்ற ஒன்பது இனங்களில் ஒவ்வொன்று மட்டுமாகவும் இருந்தால் குறியீடு 0.50, பயனுள்ள இனங்கள் 1.65. காகிதத்தில் இரண்டும் ‘10 இனங்கள்’. கைவிட்ட குடியிருப்புகளில் வேம்பு அடர்ந்து நிற்கும் காடுகள் இந்த இரண்டாம் வகையைத் தழுவி வரும். குறியீட்டை வெறும் 0.50 என்று எழுதினால் பிரதேச செயலகக் கூட்டத்தில் யாருக்கும் விளங்காது. 1.65 இனம் என்று எழுதினால் விளங்கும்.

வயது மட்டும் வேறுபடும் இரண்டு காடுகள் கிடைப்பதில்லை

ஒரே காட்டை எண்பது வருடம் பார்த்திருக்க யாராலும் முடியாது. ஆகவே 5, 15, 40 வயது இடங்களை இன்று ஒரே சமயத்தில் பார்த்து, ஒன்று மற்றொன்றாக மாறும் என்று எடுத்துக்கொள்கிறோம். முறை நல்லதுதான். அதற்குள் ஒளிந்திருக்கும் மற்ற வேறுபாடுகளைக் கவனிக்காவிட்டால் விடை வயதைப் பற்றியதாக இருக்காது.

எல்லாவற்றிலும் பெரியது, நிலம் எப்படித் திருத்தப்பட்டது என்பது. கத்தியும் நெருப்பும் மண்வெட்டியும் மட்டும் பட்ட சேனையில் அடிக்கட்டைகள் மண்ணில் உயிரோடு இருக்கும். கைவிட்ட அடுத்த மாரியிலேயே விண்ணாங்கும் வீரையும் அடியிலிருந்து துளிர்க்கும். அந்தச் சேனையின் பத்தாம் வயதுக் காடு விதையிலிருந்து வந்ததல்ல, பழைய வேரிலிருந்து வந்தது. உழவு இயந்திரம் ஓடி, கட்டைகளைப் பிடுங்கி, சில வருடம் தொடர்ந்து சோளமும் கச்சான் கடலையும் போட்ட நிலத்தில் அந்த வேர்கள் இல்லை. மண்ணில் எஞ்சுவது ஆவரசு, கொன்றை போன்ற கடினத் தோல் விதைகள்தான். வேப்பம் விதை சில வாரங்களிலேயே முளைதிறனை இழந்துவிடும். இரண்டு நிலத்துக்கும் வயது பத்து. ஒன்று இளங்காடு, மற்றது கினிப்புல் வெளி. ஒரு மரத்தின் அடியைச் சுரண்டிப் பார்த்தால் விடை தெரியும்: ஒரே வேர்த்தலையிலிருந்து இரண்டு, மூன்று தண்டுகள் எழுந்து, நடுவில் கருகிய பழைய கட்டை இருந்தால் அது துளிர்க்காடு.

அடுத்தது மண். நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் நிற்கும் குட்டைக் காடு வயதில் இளையதாக இருக்க வேண்டியதில்லை; மணலும் உப்புக் காற்றும் அதை ஓங்க விடுவதில்லை. துறைமுகத்தைச் சுற்றியுள்ள படிகக்கல் முகடுகளில் மண் மெல்லியது. கந்தளாய்ப் பக்கத்துச் செங்கபில மண்ணில் அதே வயதுக் காடு வேறு உயரத்தில் நிற்கும். ஒப்பிடும் இடங்கள் ஒரே மண்ணில் இருக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு மண்ணிலும் எல்லா வயதும் இருக்க வேண்டும். கரையோரத்தில் இளையதும் உள்நாட்டில் முதியதும் எடுத்தால் அளப்பது மண்ணைத்தான்.

விதை வரும் தூரத்தையும் எழுதிவைக்க வேண்டும். பெருங்காட்டு ஓரத்திலிருந்து 100 மீற்றரில் உள்ள சேனைக்கும் வயல்வெளிக்கு நடுவே இரண்டு கிலோமீற்றர் தள்ளிக் கிடக்கும் சேனைக்கும் ஒரே வேகம் இராது. புயல் இன்னொன்று. 1964 டிசம்பர்ப் புயலும், 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு இந்தக் கரையில் ஏறிய புரெவியும் பழங்காட்டுக்குள்ளேயே வெளிச்சத் திட்டுகளைத் திறக்கக் கூடியவை. அத்தகைய திட்டில் மரங்களை எண்ணும் அளவைக் கட்டம் போட்டால் பழங்காடு இளங்காடாகத் தெரியும்.

பெரிய முதிரையோ கருங்காலியோ இல்லாததை வைத்து ‘இது இளங்காடு’ என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் தவறு. சாவண்டலை மரம் ‘திருகோணமலை மரம்’ என்ற பெயரிலேயே கப்பலேறிய ஊர் இது. இயற்கைக் காட்டில் மரம் தறிப்பது 1990இல் நிறுத்தப்படும் வரை நல்ல மரங்கள் தெரிந்தெடுத்து வெட்டப்பட்டன. களவாக வெட்டுவது அதன் பின்னும் நிற்கவில்லை. அப்படிப்பட்ட காட்டில் வீரையும் பாலையும் பருத்து நிற்கும், முதிரை மட்டும் கம்பாக இருக்கும், கீழே அறுத்த கட்டைகள் கிடக்கும். அது கொள்ளை போன பழங்காடு.

தேக்குத் தோட்டங்களை இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. நாற்பது வயதுத் தேக்கின் கீழே வரட்சியில் உதிரும் அகன்ற இலை அடிக்கடி தீப்பிடித்து, வரும் கன்றுகளையெல்லாம் கருக்கிவிடும்.

வயதைக் கண்டுபிடிப்பது

ஊர் முதியவர்களிடம் ‘எத்தனை வருடம்’ என்று கேட்டால் பத்துவருடம் முன்பின்னாகத்தான் விடை வரும். ‘கடைசியாக என்ன பயிர் போட்டீர்கள், அப்போது யாருடைய கலியாணம், அது சூறாவளிக்கு முன்னா பின்னா’ என்று கேட்டால் ஓரிரு வருடத்துக்குள் நெருங்கலாம். அதை 1956இன் வான் ஒளிப்படங்களோடும், 1984க்குப் பிந்திய 30 மீற்றர் நுணுக்கமுள்ள லான்ட்சற் செய்மதிப் படங்களோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். படத்தைத் தெரிந்தெடுக்கும்போது மாதத்தைப் பாருங்கள்: பெப்ரவரிப் படத்தில் புல்வெளியும் பற்றையும் இளங்காடும் ஒரே பச்சை, ஓகஸ்ட் படத்தில் புல் காய்ந்து பிரிந்து தெரியும். மரத்தை அறுத்து வளையம் எண்ணுவது இங்கே பெரும்பாலான இனங்களுக்கு நம்பத் தகுந்த வழியல்ல. தேக்கு ஒரு விதிவிலக்கு.

கட்டம் போடுவது

இயற்கைக் காட்டில் மரங்களுக்கு 20க்கு 20 மீற்றர் கட்டம் போதும். மூலைவிட்டம் 28.28 மீற்றர் வந்தால் மூலைகள் செங்கோணம் என்று அர்த்தம். முட்பற்றைக்குள் நான்கு மூலை கட்டுவது பெரும் பாடு. அங்கே நடுவில் ஒரு கம்பை நட்டு 12.62 மீற்றர்க் கயிற்றைச் சுற்றினால் 500 சதுர மீற்றர் வட்டம், 5.64 மீற்றர் என்றால் 100 சதுர மீற்றர். ஆனால் ஒரு வயதுக்கு 400 சதுர மீற்றர்ச் சதுரமும் மறு வயதுக்கு 500 சதுர மீற்றர் வட்டமுமாகப் பரப்பை மாற்றிவிடாதீர்கள்; ஒப்பீட்டில் பற்றையும் இருந்தால் எல்லா வயதுக்கும் ஒரே வட்டத்தையே போடுங்கள். பரப்புக் கூடினால் இனமும் கூடும் என்பதால் ஒப்பீடு அந்த இடத்திலேயே கெட்டுவிடும். கட்டத்துக்குள் செடிகளுக்கு இரண்டு 5க்கு 5 மீற்றர், பூண்டுகளுக்கும் கன்றுகளுக்கும் ஐந்து 1க்கு 1 மீற்றர். காட்டின் ஓரத்திலிருந்தும் வண்டிப்பாதையிலிருந்தும் குறைந்தது 50 மீற்றர் உள்ளே போக வேண்டும்.

மரத்தின் சுற்றளவை நிலத்திலிருந்து 1.3 மீற்றர் உயரத்தில் எடுத்து 3.14ஆல் வகுத்தால் விட்டம். 10 சென்ரிமீற்றர் விட்டம் என்பது 31.4 சென்ரிமீற்றர்ச் சுற்றளவு. அந்த அளவில் நாடாவில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவைத்தால் சேர்ப்பதா விடுவதா என்று ஒவ்வொரு மரத்திலும் நின்று கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. துளிர்க்காட்டில் ஒரு வேரிலிருந்து பல தண்டு எழும்போது தண்டுக்குத் தண்டு ஒரு மரம் என்று எண்ணினால் விண்ணாங்கின் ஆதிக்கம் பொய்யாக ஊதிவிடும். வேர் ஒன்று, மரம் ஒன்று. தண்டுகளின் விட்டங்களை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: 6, 8 சென்ரிமீற்றர் இரு தண்டுகள் 10 சென்ரிமீற்றர் ஒற்றைத் தண்டுக்குச் சமம்.

ஒரு துண்டுக் காட்டில் பத்துக் கட்டம் போட்டாலும் அது ஒரு காடுதான். ஒவ்வொரு வயதுக்கும் ஒன்றுக்கொன்று விலகிய மூன்று துண்டுகளாவது வேண்டும். எத்தனை கட்டம் போதும் என்பதற்கு, கட்டங்களின் எண்ணிக்கைக்கு எதிராகச் சேர்ந்த இனங்களைக் கோடு போட்டுப் பார்க்கலாம். புதிய கட்டம் சேர்க்கும் இனங்கள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே போனதும் நிறுத்தலாம். பற்றையில் இது விரைவில் வரும். பழங்காட்டில் கோடு இலேசில் படுக்காது, அரிதான இனங்கள் தூரத் தூர நிற்பதால்.

தண்டு அடர்த்தியும் ஏமாற்றும். பற்றைக் கட்டத்தில் 200 தண்டு, பழங்காட்டுக் கட்டத்தில் 40 மரம் என்று வைத்துக்கொண்டால், 200இலிருந்து எழுந்தமானமாக 40ஐ எடுத்து அதில் எத்தனை இனம் என்று பலமுறை பார்த்துச் சராசரியைத்தான் ஒப்பிட வேண்டும். சம பரப்பில் பற்றை முந்தி, சம தண்டுகளில் பழங்காடு முந்தினால் ஆச்சரியப்படாமல் இரண்டையும் எழுதுங்கள்.

பருவம் இரண்டு: ஜனவரி கடைசி முதல் பெப்ரவரி வரை ஒருமுறை, ஓகஸ்ட்டில் ஒருமுறை. கார்த்திகைப்பூக் கொடி மாரியில்தான் மேலே தெரியும். கச்சான் காலத்தில் கிழங்கு மட்டும் மண்ணுக்குள். முதிரை இலை கொட்டி நிற்கும்போது பட்டையை வைத்தே அடையாளம் காண வேண்டும். பெயர் தெரியாததற்கு ஊர்ப் பெயரை எழுதிச் சமாளிக்க வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு முட்செடி இருக்கும். எண் கொடுத்து, பூவோடோ காயோடோ ஒரு கிளையைப் பத்திரிகைத் தாளில் அழுத்தி, பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் ஒத்துப் பார்க்கலாம். ஒதுக்கக் காட்டுக்குள் நுழையவும் மாதிரி எடுக்கவும் வனத் திணைக்கள அனுமதி வேண்டும். சரணாலயங்களுக்கு வனஜீவராசிகள் திணைக்களம். யானை அதிகம் நடமாடுவது புல்லும் தளிரும் உள்ள பழைய சேனைகளில்தான் என்பதால், அந்தக் கட்டங்களை வெயில் சாயும் முன்னரே முடித்துக்கொண்டு வெளியேற வேண்டும்.

பழைய ஊரும் பழங்காடும்

‘காடா, பற்றையா’ என்ற முதல் கேள்விக்கு உதவும் பகுதி இதுதான். கைவிட்ட வளவில் புளி, இலுப்பை, மா, பனை, தலையிழந்த தென்னை, கிணற்றடியில் முருங்கை நிற்கும். அவற்றைச் சுற்றி அநேகமாக ஒரே பருமனுள்ள வேம்பு. ஒரே பருமன் என்றால் ஒரே காலத்தில் முளைத்தவை. நிலம் ஒரு குறிப்பிட்ட வருடத்தில் சும்மா விடப்பட்டதன் அடையாளம். விட்டங்களை 5 சென்ரிமீற்றர் இடைவெளியில் பிரித்து வரைந்தால் நடுவில் ஒரு மேடு எழும். பழங்காட்டின் வரைவு வேறு: சிறியவை ஏராளம், பெரியவை சில, இடையில் படிப்படியாகக் குறையும். வீரை எல்லாப் பருமனிலும் நிற்கிறதா என்று பார்ப்பது நல்ல குறுக்குவழி. கைவிட்ட வயலில் வரம்பு மேடு காட்டுக்குள்ளும் நேர்கோடாக ஓடும். ஈரம் தங்கும் இடத்தில் மருதமரம் ஏறியிருக்கும்.

இதை நீட்டிக்கொண்டே போனால் சிக்கலான ஓர் இடத்துக்கு வந்து சேர்வோம். திரியாய், கந்தளாய், சேருவில சுற்றுவட்டாரத்தில் பெருங்காட்டுக்குள் உடைந்த குளக்கட்டும் கல்தூணும் கிடக்கின்றன. உலர் வலயத்தின் பழைய நீர்ப்பாசனக் குடியிருப்புகள் 13ஆம் நூற்றாண்டளவில் கைவிடப்பட்ட பின் எழுந்ததே இன்று நாம் ‘கன்னிக்காடு’ என்று சொல்வதில் பெரும்பகுதி. அதாவது, அதுவும் ஒருகாலத்தில் பற்றையாக இருந்தது. சேனை காடாகும் என்பதற்கு அது சான்று. ஆனால் பாலையும் வீரையும் அந்தப் பருமனுக்கு வர எடுத்தது நூற்றாண்டுக் கணக்கு. இருபது வயதுக் காட்டை அதற்கு ஈடாகக் காட்டி ‘அங்கே வெட்டுகிறோம், இங்கே வளர்க்கிறோம்’ என்பதற்கு அது சான்றாகாது.

1991 முதல் 1996 வரை நாட்டின் இயற்கைக் காடுகளில் நடந்த தேசிய கணக்கெடுப்பு, அன்றைய நிலைமையால் வடக்கையும் கிழக்கின் பெரும்பகுதியையும் விட்டுவிட்டுப் போனது. ஆகவே இங்கே இப்போது போடும் கட்டங்கள் நிலையானவையாக இருப்பது நல்லது. மூலைகளுக்கு இரும்புக் கம்பி அடியுங்கள். மரக்குற்றியைக் கறையான் தின்றுவிடும். அலுமினிய இலக்கத் தகட்டை 1.6 மீற்றர் உயரத்தில், ஆணியின் தலை 3 சென்ரிமீற்றர் வெளியே நிற்கும்படி அடித்தால் மரம் பருக்கும்போது தகட்டை விழுங்காது, 1.3 மீற்றரில் எடுக்கும் அளவும் வீங்காது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். கட்டங்களின் ஜிபிஎஸ் புள்ளிகள், இலக்கப் பட்டியல், மூலைக் கம்பியிலிருந்து எடுத்த படங்கள் ஆகியவற்றில் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும் ஒரு பிரதியைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் வைத்துவிட்டால், அளந்தவர் இடமாற்றம் வாங்கிப் போனாலும் அடுத்தவர் அதே கம்பியிலிருந்து தொடங்கலாம்.